மாமியார் முதுகு

தீவுகளுக்குப் போகிறவர்கள் காலையில் இட்டிலி சாப்பிடுவதே நல்லது. தோசையின் எண்ணெய் படகில் ஒத்துக்கொள்வதில்லை. எங்கள் பிரிக்பீல்ட்ஸ் காலை நடைக்குழுவில் இதை நான் எத்தனையோ முறை எடுத்துச் சொல்லியிருக்கிறேன். வாசுவைத் தவிர எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். அவர் மட்டும் ஒவ்வொரு பயணத்திலும் இரண்டு நெய்த்தோசையைக் கட்டிக்கொண்டு வந்து, செண்ட்ரல் நிலையத்திலேயே முடித்துவிடுவார். கேத்தாம் தீவு கண்ணுக்குத் தெரிவதற்குள் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கடலோடு இரகசியம் பேசத் தொடங்கிவிடுவார்.

தேநீர் வேண்டாம், அம்மா. இந்த நாற்காலியே போதும். தமிழ் பேசும் இன்ஸ்பெக்டர் ஒருவர் கிடைப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நான் சொல்வதை நீங்கள் மலாயில்தான் எழுதிக்கொள்ள வேண்டும் என்பது தெரியும். எந்த மொழியானாலும் வாக்கியங்களைப் பாதியில் விட்டுவிடாமல் முடித்து எழுதுங்கள். அது போதும்.

என் பெயர் கார்த்திகேசு. ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர். யாரும் அழைக்காமல் நானாகவே வந்திருக்கிறேன். காரணம், செய்தித்தாளில் வந்த ஒரு வாக்கியம். கிள்ளான் தீவுகளைச் சுற்றிப் பார்க்கச் சென்ற எங்கள் குழுவில், சுகுமாறன் என்பவர் கடலில் மூழ்கி இறந்தார் அல்லவா? அந்தச் செய்தியில், ‘குழுவை வழிநடத்திய முதியவர், படகில் ஏறும் நேரத்தில் பெயர்களைக் கூப்பிடும்போது, வயது காரணமாக ஒரு பெயரை மறந்துவிட்டார்’ என்று எழுதியிருந்தார்கள். உங்கள் கோப்பிலும் ‘லூப்பா’ என்றே இருப்பதாக, இங்கே விசாரணைக்கு வந்து போன வாசு சொன்னார். மறந்துவிட்டேனாம். அந்தச் சொல்லை நீங்கள் அடித்துவிட வேண்டும். அதற்காகவே வந்தேன். காரணத்தை முறையாகச் சொல்கிறேன்.

எங்கள் குழுவைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். எல்லோரும் ஓய்வுபெற்றவர்கள். விடியற்காலையில் நடப்போம், பிறகு ஒரு கடையில் உட்கார்ந்து தேநீர் குடிப்போம், மாதம் ஒருமுறை எங்கேயாவது ஒருநாள் சுற்றுலா போவோம். எங்களுக்குப் பிடித்தது கடல்தான். கொமுட்டர் இரயிலில் ஏறினால் கிள்ளான் துறைமுகத்தில் நேராகப் படகுகள் நிற்கும் ஜெட்டிக்குப் பக்கத்திலேயே இறங்கலாம். அங்கிருந்து படகு. இருபுறமும் அலையாத்திக் காடுகள் பச்சைச் சுவர்போல நகரும். நாரைகள் சேற்றில் நின்றுகொண்டு நம்மைப் பொருட்படுத்தாமல் பார்க்கும். கேத்தாம் தீவில் கால்களை ஊன்றி நிற்கும் மரவீடுகளும், அவற்றுக்கிடையே பலகைப் பாதைகளும், அந்தப் பாதைகளில் மணியடித்துக்கொண்டு விரையும் மிதிவண்டிகளும் உண்டு. மதியம் வட்டமேசையில் நண்டு. இராஜம்மாவுக்கு நண்டு ஓட்டை உடைத்துக் கொடுப்பதில் ஆண்களுக்குள் போட்டியே நடக்கும். அவர் ஓய்வுபெற்ற தாதி. தம்மாலேயே உடைத்துக்கொள்ள முடியும் என்பதை அவர் யாருக்கும் சொன்னதில்லை.

நல்ல நாட்கள், அம்மா. இப்போது நினைத்தாலும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

இந்தப் பயணங்களில் எனக்கு இரண்டு பொறுப்புகள் இருந்தன. ஒன்று, பெயர் கூப்பிடுவது. குழுவில் பாதிப்பேர் என்னிடம் படித்தவர்கள். தலைகளை எண்ணும் வழக்கம் எனக்கு இல்லை. எண்ணுவதற்கு அவை தேங்காய்கள் அல்ல. ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைப்பேன். தாள் எதுவும் வைத்துக்கொள்ள மாட்டேன். பேரப்பிள்ளை எடுத்த ஆட்கள்கூட என் குரலைக் கேட்டதும் முதுகை நிமிர்த்தி, ‘உள்ளேன் ஐயா’ என்பார்கள். முதலில் வேடிக்கைக்காகத் தொடங்கியது. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. என்னிடம் படிக்காதவர்களும் அப்படியே சொல்லப் பழகிக்கொண்டார்கள். நான் கூப்பிட்டு முடித்துவிட்டால் எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று பொருள். அதற்குப் பிறகு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பொறுப்பு, விளக்கம் சொல்வது. தோளில் மாட்டும் சிறிய ஒலிபெருக்கி ஒன்றை நானே வாங்கி வைத்திருந்தேன். ஒவ்வொரு தீவையும் பற்றி முன்கூட்டியே படித்துவிட்டு வருவேன். அலையாத்தியின் வேர் எப்படி மூச்சு விடுகிறது, ஆற்றுமண் எப்படித் தீவாகிறது, மீனவர்கள் எப்போது குடியேறினார்கள் என்றெல்லாம் சொல்வேன். எல்லோரும் அமைதியாகக் கேட்பார்கள். சிலர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்கள்.

சுகுமாறன் பின்னால் வந்து சேர்ந்தவர். பூச்சோங் ஊர்க்காரர். வாழ்நாளெல்லாம் லோரி ஓட்டியவர். இயந்திர இரைச்சலில் ஒரு காது மந்தமாகிவிட்டதால், எதையும் உரக்கவே பேசுவார். வாசுதான் அழைத்து வந்தார். முதல் பயணத்திலேயே, நான் தண்ணீர் குடிக்க நிறுத்திய இடைவெளியில், “சார், தொண்ட காஞ்சிருச்சு பாருங்க. அந்த மைக்க கொஞ்சம் குடுங்க, நான் ரெண்டு வார்த்த பேசுறேன்” என்று கையை நீட்டினார். மரியாதைக்குக் கொடுத்தேன்.

“பாஸ், எல்லாரும் கேளுங்க. இந்த ஊருக்கு ஏன் கேத்தாம்னு பேரு? ஒரு வெள்ளக்காரத் தொர இங்க வந்து சேத்துல குந்துனான். எந்திரிச்சுப் பாத்தா பின்னால ஒரு நண்டு தொங்குது. மலாய்க்காரங்க, ‘தொரே, கேத்தாம், கேத்தாம்’னு கத்துறாங்க. அவன் அதுதான் ஊரு பேருன்னு நெனச்சு எழுதிக்கிட்டான். நண்டு விடல லா. லண்டன் வரைக்கும் கூடவே போயிருச்சு!”

படகே குலுங்கியது. இராஜம்மா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஐயோ சுகு அண்ணே, வயிறு வலிக்குது” என்றார். வாசு தமது குமட்டலையும் மறந்து சிரித்தார்.

மலாயில் கேத்தாம் என்றால் நண்டு என்பதைத் தவிர, அந்தக் கதையில் ஒரு சொல்கூட உண்மையில்லை. இறங்கியதும் அவரைத் தனியாக அழைத்து, மக்களுக்குத் தவறான செய்தியைப் பரப்பக்கூடாது என்று பண்போடு எடுத்துச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. என் தோளில் கைபோட்டார். “சார், உண்மைய கூகிள்ல பாத்துக்குவாங்க. சிரிப்ப எங்க போயி பாப்பாங்க?” என்றார்.

அதற்கடுத்த மாதம் நானும் நண்டுகளைப் பற்றி ஒரு நகைச்சுவையைக் கண்ணாடி முன் நின்று பழகிக்கொண்டு வந்தேன். சொல்லி முடித்தபோது படகின் இயந்திரம் மட்டுமே கேட்டது. பிறகு வாசு கையை உயர்த்தி, “சார், இது பரீட்சைல வருமா?” என்று கேட்டார். அதற்குத்தான் சிரித்தார்கள்.

நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை. ஆனால் ஒருநாள் தேநீர்க்கடையில் இராஜம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எல்லோரும் பேசி வைத்துக்கொண்டு அவரை அனுப்பியிருக்கிறார்கள் என்பது அவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தேநீரைக் குனிந்து பார்த்ததிலேயே தெரிந்தது.

“சார், கோவிச்சுக்காதீங்க. பேர் கூப்புடுறது எப்பவும் நீங்கதான். உங்கள மாரி யாராலயும் முடியாது. கதை மட்டும் சுகு அண்ணே சொல்லட்டும். ரெண்டு பேருக்கும் வேல இருக்கு லா.”

ஒலிபெருக்கியை நானே சுகுமாறனிடம் கொடுத்தேன். புதிய மின்கலம் போட்டுத்தான் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு என்னிடம் எஞ்சியிருந்தது பெயர்கள் மட்டுமே. கேத்தாம் தீவு வரும், போகும். அலையாத்தி வேர் மூச்சு விடும். யாரும் என்னைக் கேட்க மாட்டார்கள். சுகுமாறன் பேசுவார். கடற்கழுகுகள் ஓய்வுபெற்ற வரித்துறை அதிகாரிகளாம். துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் இரவில் எழுந்து நடந்துபோய்த் தண்ணீர் குடிக்குமாம். எங்கள் குழுவில் ஒரு மூதாட்டி, வள்ளியம்மா என்று பெயர், அதை நம்பித் தம் பேரனிடமும் சொல்லியிருக்கிறார். பொய் இப்படித்தான் பரவுகிறது. ஒருவராவது இதை நிறுத்த வேண்டும் என்று தோன்றுவது இயல்பு அல்லவா? நான் செய்ததை வேறு எந்த நோக்கத்தோடும் இணைத்துவிடாதீர்கள். நான் சுகுமாறனை வெறுக்கவில்லை. உண்மையின்மீது எனக்கு ஒரு பொறுப்பு இருந்தது, அவ்வளவுதான்.

இப்போது அந்தப் பயணத்துக்கு வருகிறேன்.

தீவுகளுக்கு வெளியே, கடல் வற்றும்போது மட்டும் ஒரு மணற்திட்டு எழும். ‘பாசிர் திம்புல்’ என்பார்கள், எழும் மணல் என்று பொருள். நீர் ஏறினால், நடுவில் உள்ள செடிகளின் நுனியைத் தவிர, தடம் தெரியாமல் மறைந்துவிடும். மணலின்மேல் மெல்லிய நீர் தேங்கி நிற்பதால் வானம் அப்படியே காலடியில் தெரியும். படம் எடுப்பவர்களுக்குக் கொண்டாட்டம். அந்தப் பயணத்தைத் திட்டமிட்டவன் நானே. கடல் எப்போது வற்றும், எப்போது திரும்பும், திரும்பத் தொடங்கினால் திட்டு எவ்வளவு விரைவில் மூடிக்கொள்ளும் என்றெல்லாம் படகோட்டி ஆ லியோங்கிடம் முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டேன். குழுவின் பாதுகாப்புக்காகக் கேட்டேன். அப்போது வேறு எண்ணம் எதுவும் இல்லை.

கேத்தாமில் நண்டு முடிந்ததும் இரண்டு மீன்பிடிப் படகுகளில் பிரிந்து புறப்பட்டோம். முன்படகை ஆ லியோங்கும் பின்படகை அவருடைய தம்பியும் ஓட்டினார்கள். திட்டு கண்ணில் பட்டதும் சுகுமாறன் எழுந்து நின்றுகொண்டார். மற்றப் படகுக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியை உயர்த்திப் பிடித்தார்.

“பாஸ், இது மணல் இல்ல. ஒரு மாமியாரோட முதுகு! மருமகளோட சண்ட போட்டுட்டு கடல்ல எறங்குனவங்க. முதுகு தேய்க்க ஆள் இல்ல. தெனம் மேல வந்து முதுக காட்டிக்கிட்டு படுத்திருப்பாங்க, எவளாச்சும் வருவாளான்னு. யாரும் வரலன்னா கோவம் வந்து மறுபடியும் முங்கிருவாங்க!”

“என் மாமியாரேதான் லா அது!” என்று இராஜம்மா கத்தினார். இரண்டு படகுகளும் சிரித்தன. ஆ லியோங்குக்குத் தமிழ் தெரியாது, அவரும் சிரித்தார்.

திட்டில் இறங்கியதும் எல்லோரும் சிறுபிள்ளைகளாகிவிட்டார்கள். வள்ளியம்மா சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு வானத்தின்மேல் நடந்தார். வாசு படுத்துக்கொண்டு படம் எடுத்தார். அந்த நேரத்தில்தான் சுகுமாறன் என்னிடம் வந்து, “சார், இங்க கெராங் கெடைக்குமா?” என்று கேட்டார். கெராங் என்பது சேற்றில் புதைந்திருக்கும் ஒரு வகைச் சிப்பி, வேகவைத்துச் சாப்பிடுவார்கள். நாங்கள் பழகிய காலம் முழுவதிலும் அவர் என்னிடம் ஓர் உண்மையைக் கேட்டது அப்போதுதான்.

திட்டின் நடுவில் ஆளுயர அலையாத்திச் செடிகள் அடர்ந்து நின்றன. படகுகள் இந்தப் பக்கம். “செடிகளுக்கு அந்தப் பக்கம், ஈரச்சேற்றில் நிறையக் கிடைக்கும்” என்றேன். அது உண்மைதான். நான் பொய் சொல்வதில்லை.

அவர் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். ஒலிபெருக்கியையும் கழற்றிக் கொடுத்தார். “நனைஞ்சிரப் போகுது சார். உங்க கிட்ட குடுத்தா பேங்க்ல போட்ட மாரி” என்று சொல்லிவிட்டு, இடுப்பில் ஒரு பையைக் கட்டிக்கொண்டு போனார். தலையில் சிவப்புத் தொப்பி. செடிகளுக்குப் பின்னால் அந்தச் சிவப்பு மறைவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சற்று நேரத்தில் கணுக்காலருகே நீர் மெதுவாகத் திசை மாறியது. ஆ லியோங் கையைத் தட்டி எல்லோரையும் ஏறச் சொன்னார். இயந்திரங்கள் இரண்டும் முடுக்கப்பட்டன. நான் வழக்கம்போல இரு படகுகளுக்கும் நடுவில் நின்று பெயர்களைக் கூப்பிடத் தொடங்கினேன். வள்ளியம்மா, உள்ளேன் ஐயா. இராஜம்மா, உள்ளேன் ஐயா. வாசு, இருக்கேன் சார், தோசதான் இல்ல. எல்லோரும் சிரித்தார்கள்.

வகுப்பறையில் நான் கற்ற ஒன்று உண்டு, அம்மா. பெயர் கூப்பிடும்போது, ஒவ்வொருவரும் தம் பெயர் வருகிறதா என்பதை மட்டுமே கவனிப்பார்கள். அடுத்தவர் பெயர் வரவில்லை என்பதை யாரும் கவனிப்பதில்லை.

சுகுமாறன் என்ற பெயர் வரவேண்டிய இடம் வந்தது. அது நாவின் நுனியில் இருந்தது. ஒருமுறை மூச்சை இழுத்துக்கொண்டேன். அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.

முன்படகில் இருந்தவர்கள் அவர் பின்படகில் இருப்பதாக நினைத்தார்கள். பின்படகில் இருந்தவர்கள் முன்படகில் என்று நினைத்தார்கள். ஆ லியோங் என்னைப் பார்த்து, “சுடா?” என்று கேட்டார். எல்லாம் முடிந்ததா என்று பொருள். நான் தலையசைத்தேன். தலையசைப்புக்கு எழுவாயும் இல்லை, பயனிலையும் இல்லை. அதைப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது.

நான் முன்படகின் பின்பகுதியில், திட்டைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். இரு படகுகளிலும் மற்றவர்கள் முகத்தில் அடிக்கும் நீர்த்துளிகளுக்குக் குனிந்துகொண்டிருந்தார்கள். படகு செடிகளைச் சுற்றித் திரும்பியபோது அவர் தெரிந்தார். நல்ல தொலைவு. குனிந்து சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தார். இயந்திர ஒலி எந்தக் காதில் விழுந்ததோ, நிமிர்ந்து பார்த்தார். நாங்கள் வேடிக்கை செய்கிறோம் என்று நினைத்திருக்க வேண்டும். கையசைத்தார். நானும் கையசைத்தேன்.

ஒரு மணி நேரம் தனியாக நின்று யோசிக்கட்டும் என்று நினைத்ததாக உங்களிடம் சொல்லலாம் என்றுதான் வரும் வழியில் திட்டமிட்டேன். ஆனால், அங்கே ஒரு மணி நேரம் நிற்பதற்கு இடம் இருக்காது என்பது எனக்குத் தெரியும். அவருக்கு நீந்தத் தெரியாது என்பதும் தெரியும். அதை வைத்தும் அவர் ஒரு கதை சொல்லியிருக்கிறார்.

கேத்தாம் ஜெட்டியில் இரண்டு படகுகளும் வந்து சேர்ந்த பிறகுதான் கூச்சல் எழுந்தது. “சுகு அண்ணே உங்க போட்ல இல்லையா?” “உங்க போட்ல இல்லையா?” ஆ லியோங் படகைத் திருப்பிக்கொண்டு பறந்தார். அங்கே செடிகளின் நுனி மட்டுமே தெரிந்ததாம். மறுநாள் காலையில் நண்டு பிடிப்பவர்கள் பக்கத்துத் தீவின் வேர்களுக்கிடையில் அவரைக் கண்டெடுத்தார்கள். இடுப்புப் பையில் கெராங் நிறைந்திருந்ததாம். நான் சொன்ன இடம் சரியானதுதான் என்பது அதிலிருந்து தெளிவாகிறது.

இதோ அவருடைய கைப்பேசி. அன்றே அணைத்து வைத்துவிட்டேன். ஒரு சொட்டு நீர் படவில்லை.

இவ்வளவையும் நான் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று நினைக்கிறீர்கள். உண்மை. ஆ லியோங்கின் படகை முடக்கி வைத்திருக்கிறார்களாம்; அவருக்காகத்தான் வந்தேன் என்று நீங்கள் எழுதிக்கொண்டால் நன்றாகவே இருக்கும். ஆனால் அது காரணமன்று. ஜெட்டியில் எல்லோரும் அழுதுகொண்டிருந்தபோது இராஜம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “விடுங்க சார். வயசாச்சு. மறதி எல்லாருக்கும் வர்றதுதான். யாரும் உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டோம்” என்றார். அன்றிலிருந்து எல்லோரும் என்னிடம் மெதுவாகவும் உரக்கவும் பேசுகிறார்கள். சாலையைக் கடக்க வாசு என் கையைப் பிடிக்கிறார். இனிமேல் பெயர்களைத் தாமே கூப்பிடுவதாகவும் சொல்லிவிட்டார், தாளைப் பார்த்து.

நான் எந்தப் பெயரையும் மறப்பவன் அல்லன். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

திரும்பி வரும் வழியில் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்கள். எதுவும் நேர்ந்ததாக யாருக்கும் தெரியாத நேரம் அது. மாலை வெயில் இதமாக இருந்தது. எங்கள் படகில் எல்லோரும் களைத்துச் சிவந்து மகிழ்ச்சியாக இருந்தார்கள். “சுகு அண்ணே அந்த போட்ல மாட்டிக்கிட்டாரு. நமக்கு கதையே இல்ல” என்று இராஜம்மா குறைப்பட்டுக்கொண்டார். என் தோளில் ஒலிபெருக்கி தொங்குவதை வாசு பார்த்தார். “சார் இருக்காரே! சார், அந்த மாமியார் கதைய நீங்க ஒரு தடவ சொல்லுங்க லா. பாப்போம்.”

சொன்னேன். அவர் சொன்ன வரிசையிலேயே சொன்னேன். சண்டை, கடல், முதுகு, காத்திருப்பு. அந்த இடத்தில் நிறுத்தி, திரும்பித் திட்டைக் கைகாட்டினேன். மணல் ஒரு கோடுபோலத் தேய்ந்துகொண்டிருந்தது. “இன்றைக்கு மாமியார் கோபத்தோடு இறங்கவில்லை” என்றேன். “முதுகு தேய்க்க ஓர் ஆள் கிடைத்துவிட்டார்.”

படகே குலுங்கியது, அம்மா. வாசு விளிம்பைப் பிடித்துக்கொண்டார், இம்முறை சிரிப்புத் தாங்காமல். வள்ளியம்மா என் தொடையில் தட்டினார். இராஜம்மா கைக்குட்டையைத் தேடி எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சார், இம்புட்டு நாளா இத எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க!” என்று கேட்டார்.

கதை சுகுமாறனுடையதுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் முதுகு தேய்க்க ஆள் கிடைத்த அந்தப் பகுதி அவர் சொன்னதன்று. அது என்னுடையது. அதையும் தவறாமல் எழுதிக்கொள்ளுங்கள்.